டீடெய்லிங் டீ ஷர்ட்: அச்சு முன்னாடியா, பின்னாடியா?

ஞாயிறு கழுவி
நம்ம டீடெய்லிங் (காரைக் கழுவி, பாலிஷ் பண்ணிப் பளபளப்பாக்குற வேலை) குரூப்புக்கு டீ ஷர்ட் போடலாம்னு பேச்சு வந்துச்சே, டிசைன் தயார். கறுப்புத் துணி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) காட்டன். நெஞ்சு முழுக்க ஒரு ஸ்போர்ட்ஸ் கார், மேல நுரை வழியுது, பக்கத்துல ஒரு வாளி, மஞ்ச ஸ்பான்ஜ். கீழே "தூரமா நின்னு ரசிங்க". மொத்தம் ஆறு கலர். திட்டுறதா இருந்தா டிசைனைத் திட்டுங்க, ஆளை விட்டுடுங்க.

நூலாம்படை
ஸ்பான்ஜா? ஒத்தை வாளியா? இதைப் போட்டுக்கிட்டு நாலு டீடெய்லர் முன்னாடி நின்னா அங்கேயே ஓட்டித் தள்ளிருவாங்க பாஸ். ஸ்பான்ஜோட முகம் தட்டை. மணல் உள்ளே போக இடமில்லாம மேலேயே நின்னு பெயின்ட்டை இழுத்துக்கிட்டே போகும். அதுக்காகத்தான் எல்லாரும் வாஷ் மிட் (கழுவுற கையுறை), ரெண்டு வாளி, அடியில மணலைத் தடுக்கிற கிரிட் கார்டு தட்டுன்னு மாறினோம். இணையத்துல கிடைக்கிற "கார் வாஷ்" படம் எல்லாத்துலயும் இந்த ஸ்பான்ஜ் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினா, வரைஞ்சவருக்கு விஷயம் தெரியாதுன்னு பளிச்சுனு தெரிஞ்சிடும்.

அதைவிடப் பெரிய தப்பு, அச்சு இருக்கிற இடம். பானெட் நடுவுல துடைக்கக் குனியும்போது கார்ல உரசுறது வயிறு. ரூஃப் நடுவுக்கு எட்டும்போது நெஞ்சு. அங்க போய் கெட்டியா மையை அப்பி வைக்கிறீங்க. அந்த மேடுபள்ளத்துல தூசி உட்கார்ந்தா அடுத்த உரசல், பெயின்ட்டுக்கு மேல இருக்கிற நிறமில்லாத காப்பு அடுக்கான கிளியர் கோட்டுக்குத்தான். அது சாதாரணமா 40, 50 மைக்ரான் கனம், அவ்வளவுதான். என் ஓட்டு: முன்பக்கம் வெறுமை, எல்லாம் முதுகுல. பட்டன், ஜிப், உலோக பேட்ஜ் எதுவும் கூடாது.

மெழுகு மாமா
தம்பி நூலாம்படை, யாருப்பா இதைப் போட்டுக்கிட்டு கார் கழுவப் போறது? வேலைக்கு வீட்டுல கிடக்கிற பழசு போதும். இது நாலு பேர் கூடுற இடத்துக்கு, போட்டோவுக்கு. போட்டோவுல முகத்தோட சேர்ந்து வர்றது நெஞ்சுதான். முதுகுல எழுதினதைப் படிக்கிறவன் வரிசையில பின்னாடி நிக்கிறவன் மட்டும்.

ஸ்பான்ஜை எடுக்கணும், ஒத்துக்கிறேன். வாசகம் இருக்கட்டும், அதுதான் இதுல நல்ல விஷயமே. கார்ல கை வைக்க வர்றவங்ககிட்ட நாம வாயால சொல்லத் தயங்குறதை சட்டை சொல்லிடும்.

திரை அச்சு
அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன், அதாவது மையை இறக்கும் வலைச் சட்டம். துணி கறுப்பு என்பதால் அடியில் வெள்ளை ஒரு பூச்சு வேண்டும், இல்லையென்றால் மேலே வரும் நிறங்கள் மங்கிவிடும். ஆக உங்கள் ஆறு நிறம் நடைமுறையில் ஏழு ஸ்க்ரீன். இதற்குப் பயன்படும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மை துணிக்குள் இறங்காது, மேலேயே படியும். சுமார் 160 டிகிரி செல்சியஸில் சூடேற்றினால்தான் முழுதாக இறுகும். நெஞ்சு முழுக்க அப்படி ஒரு படலம் இருந்தால் அதன் வழியே காற்று போகாது. வெயிலில் நின்று பாருங்கள், அந்தச் சதுரம் மட்டும் வேர்த்துக் கொட்டும்.

டிடிஎஃப் (படத்தை ஒரு ஃபிலிமில் அச்சிட்டு, சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) என்றால் ஸ்க்ரீன் செலவு இல்லை, எத்தனை நிறமும் போகலாம், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்றது. ஆனால் பெரிய படத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டியது போலத் தெரியும். சப்ளிமேஷன், அதாவது சூட்டில் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் முறை, கறுப்புக்கு ஆகாது. அது வெளிர்நிற பாலியஸ்டரில் மட்டும் எடுக்கும் வேலை.

என் யோசனை: ஒரே நிறம். துணியின் கறுப்பையே படத்தின் பகுதியாக்குங்கள்.

நூலாம்படை
கறுப்பையே படமாக்கணும்னா இருக்கவே இருக்கு ஃபிஃப்டி ஃபிஃப்டி!

பாலிஷ் பண்ணும்போது பேனல் நடுவுல டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் கட் பண்ணிட்டு (தேய்ச்சுக் கீறலை எடுத்துட்டு), டேப்பை உரிச்சு டார்ச் அடிச்சுப் படம் எடுப்போமே, அது. இடது பாதியில சாம்பல் நிறக் கீறல் வளையங்கள், நடுவுல நேர்கோடு, வலது பாதியில ஒண்ணுமே இல்லை, வெறும் கறுப்புத் துணி. சுத்தமான பெயின்ட்டை வரையவே வேண்டாம், சட்டையே அதுதான். ஒரே ஸ்க்ரீன், பாதி மை.

ஒரு விஷயத்துல மட்டும் கவனம். ஸ்வர்லை, அதாவது அந்தக் கீறல் வளையங்களை, இஷ்டத்துக்குக் கிறுக்கக் கூடாது. பெயின்ட்ல கீறல் எல்லாத் திசையிலயும் இருக்கும். ஆனா விளக்கைச் சுத்தி வளையமா அமையுற கீறல்தான் ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்பி அடிக்கும். அதனாலதான் விளக்கை நகர்த்தினா அந்தக் கீறல் வலையும் கூடவே நகருது. மேல ஒரு ஒளிப்புள்ளி வச்சு, அதை மையமா வச்சு மெல்லிசா துண்டு துண்டு வளைவுகள் போடணும்.

மெழுகு மாமா
அருமையான யோசனை, உங்க குரூப்ல இருக்கிற இருபது பேருக்கு. வெளியில இருக்கிறவன் பார்த்தா "அச்சு பாதியில நின்னுபோச்சா"ன்னு கேப்பான்.

வாளி ரெண்டு
கேக்கட்டுமே மாமா. கேட்டா அரை மணி நேரம் விளக்கம் சொல்லலாம். நமக்கு அதைவிட வேற சந்தோஷம் உண்டா?

கழுவி, ஒரு எச்சரிக்கை. உங்க படத்துல இருக்கிற கார் யாருதுன்னு பார்த்த உடனே தெரியுது. லோகோ போடலைன்னா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க. ஜீப்போட ஏழு பிளவு கிரில்லே பதிவு பண்ணின டிரேட்மார்க். 2020-ல மஹிந்திராவோட ராக்ஸர் வண்டி ஜீப்போட தோற்றத்தைப் பின்பற்றுதுன்னு அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் விற்பனைக்கே தடை போட்டுச்சு, முகப்பை மாத்தி வரைஞ்ச பிறகுதான் விட்டாங்க. நாம சட்டைதான் போடுறோம், ஆனா காசுக்கு விக்கிறோமே. மெழுகு, ஷாம்பு கம்பெனி பேரைக் கிண்டலா மாத்திப் போடுறதும் அதே தலைவலிதான். பேனல் மட்டும் இருக்கிற படம்னா இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஞாயிறு கழுவி
சரி, காரும் ஸ்பான்ஜும் போச்சு. ஃபிஃப்டி ஃபிஃப்டி வரைஞ்சு பார்க்கிறேன். துணி காட்டனே இருக்கட்டுமா? வேலைக்கும் போடுறதா இருந்தா பாலியஸ்டர் சீக்கிரம் காயுமே.

நூலாம்படை
காட்டன்ல ரெண்டு சிக்கல். தண்ணி குடிச்சு உடம்போட ஒட்டிக்கும். பஞ்சு விடும், கறுப்பு பெயின்ட் மேல அது அப்படியே தெரியும். அதே காரணத்துக்காகத்தான் மைக்ரோஃபைபர் துணியோட காட்டனைச் சேர்த்துத் துவைக்கக் கூடாதுன்னு சொல்றோம். கறுப்பு நிறமும் வேண்டாம், கீறல் எடுக்கத் தேய்க்கிற காம்பவுண்ட் பசை தெறிச்சா வெள்ளைப் புள்ளியா நிக்கும். நடுத்தர சாம்பல் நல்லது. பெயின்ட்டைக் காக்க மேல பூசுற செராமிக் கோட்டிங் பட்டா எந்த நிறமும் தப்பிக்காது, பட்ட இடம் காய்ஞ்சு கெட்டியாகிடும். கோட்டிங் துடைச்ச துணியைத் தூக்கிப் போடுறோமே, அதே கதி சட்டைக்கும்.

மெழுகு மாமா
ஆஹா, வாய்யா வா! நீயே சொல்லிட்ட. தூக்கிப் போட வேண்டிய சட்டைக்கு எதுக்குய்யா டிசைன்? வேலைக்குப் போடுற சட்டை அழியத்தான் செய்யும், அதனால அது பழசாத்தான் இருக்கணும். சாம்பல் துணின்னா உன் "துணியே பெயின்ட்" யோசனையும் காலி. சாம்பல்ல சாம்பல் கீறல் எங்கே தெரியும்?

நூலாம்படை
கோட்டிங் போடும்போது இதைப் போடுன்னு யார் சொன்னா? நான் பேசுறது கூட்டத்துக்கு வர்ற ஆளைப் பத்தி. அங்கேயும் ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு மைக்ரோஃபைபர் இருக்கும், அடுத்தவன் கார்ல கைரேகை தெரிஞ்சா குனிஞ்சு துடைக்காம இருக்க மாட்டான். வேலைச் சட்டை, வெளிச்சட்டைன்னு நீங்க கிழிக்கிற கோடு நம்ம ஆளுங்ககிட்ட செல்லாது மாமா. நிறம் கறுப்பே இருக்கட்டும், அதுல நான் பிடிவாதம் பிடிக்கலை. முன்பக்கம் வெறுமைங்கிறதை விட மாட்டேன்.

திரை அச்சு
துணி பற்றி: பாலியஸ்டருக்குப் போனால் சாயம் மேலேறும் ஆபத்து உண்டு. சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை மை அச்சிட்டால் சில நாள் கழித்து ரோஸ் நிறமாகிவிடும். அதற்கென்றே குறைந்த சூட்டில் இறுகும் மைகள் உண்டு. கறுப்பு காட்டனில் இந்தத் தொல்லை இல்லை.

வாசகம் வைப்பதானால் இரண்டு செய்தி. கோப்பு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். தமிழ் சரியாக வராத மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். அடுத்தது, மெல்லிய எழுத்துரு வேண்டாம். "நின்னு"வில் வரும் புள்ளி சின்னதாக இருந்தால் ஸ்க்ரீனில் நிற்காது. சுழியின் உள்வட்டம் மையில் அடைபட்டுவிடும். உங்கள் கீறல் வளைவுகளும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஞாயிறு கழுவி
புது டிசைன்: கறுப்பு காட்டன், ஒரே சாம்பல் மை, ஃபிஃப்டி ஃபிஃப்டி 28 சென்டிமீட்டர் அகலம், கீழே வாசகம் தடித்த எழுத்துல. இடம் மட்டும்தான் இன்னும் தகராறு.

திரை அச்சு
அதற்குத் தகராறே தேவையில்லை. ஸ்க்ரீன் ஒன்றுதான். யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்று பட்டியல் கொடுத்தால் சட்டையைத் திருப்பிப் போட்டு அடித்துவிடுவேன். அச்சு ஆரம்பித்த பிறகு மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

மெழுகு மாமா
எனக்கு முன்னாடி. டபுள் எக்ஸெல்.

நூலாம்படை
பின்னாடி, மீடியம். மாமா, அதைப் போட்டுக்கிட்டு என் பானெட் பக்கம் குனியாதீங்க.

வாளி ரெண்டு
பின்னாடி, லார்ஜ் ரெண்டு. வாசகம் இல்லாம ஒண்ணு கிடைக்குமா?

திரை அச்சு
கிடைக்கும். வாசகப் பகுதியை டேப் ஒட்டி மறைத்து அடிக்கலாம். கடைசியில் அடிக்கிறேன், தனியாகக் குறித்து அனுப்புங்கள்.