1967-ஆம் ஆண்டு பள்ளி மோதிரம்: உரியவரைக் கண்டுபிடிக்க உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய பெட்டிக்குள் ஒரு பள்ளி மோதிரம் (பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் நினைவாக அணிவது) கிடைத்தது. உரியவரிடமோ குடும்பத்திடமோ சேர்க்க வேண்டும், வழி தெரியவில்லை.

10 காரட் தங்கம், சிவப்புக் கல், கல்லைச் சுற்றிப் பள்ளியின் பெயர், பக்கத்தில் 1967. உள்ளே மூன்று முதலெழுத்துகள். நடு எழுத்து தேய்ந்துவிட்டது. அளவு சிறியது, பெண்ணுடையதாக இருக்கலாம்.

அந்தப் பள்ளி கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளி. இனப் பிரிவினை முடிவுக்கு வந்தபோது அமெரிக்கத் தென் மாநிலங்களில் இப்படிப் பல பள்ளிகள் மூடப்பட்டன, இதுவும் அப்படித்தான். 1835-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தொடங்கிய வழக்கம் இந்த மோதிரம். பள்ளியே இல்லாமல் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள்!

கல்வி மாவட்ட அலுவலகத்தில் பழைய பதிவேடு இல்லை என்றார்கள். விற்றவர்களுக்கும் விவரம் தெரியவில்லை. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்திலும் பள்ளியின் அந்த வருடத்து ஆண்டு மலர் கிடைக்கவில்லை. நகைக்கடைக்காரர் உருக்கி விற்கச் சொன்னார், மனம் வரவில்லை.

மூடப்பட்ட இத்தகைய பள்ளியின் 1967 மாணவர் பட்டியலை வேறு எங்கே தேடலாம்?