கடன் முடியும் முன் வீட்டுச் சாமான்களைக் கழிக்கலாமா, கூடாதா?

தாழ்வாரம்

எங்களுக்கு இப்போது மூன்று கடன் ஓடுகிறது. ஒன்று கிரெடிட் கார்டு, மாதம் 3% வட்டி. இன்னொன்று தனிநபர் கடன். மூன்றாவது, தவணையில் எடுத்த டிரெட்மில். அதன் மேல் இப்போது துணிதான் காய்கிறது. வீடு முழுக்கச் சாமான். "கடன் முடிகிறவரைக்கும் ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது, திரும்ப வாங்க நம்மிடம் காசு இல்லை" என்கிறார் என் மனைவி. எனக்கோ இந்த நெரிசலுக்குள் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறக்கவே மனசு வரவில்லை. பாதியை விற்றுக் கடனில் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி? இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கிறோம், மனதில் பட்டதை எழுதுங்கள்.

வெள்ளைச்சுவர்

விற்றுவிடுங்கள். சாமான் நெரிசலையும் கடனையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம், ஒன்றுதான் இன்னொன்றை வளர்க்கிறது. எது எங்கே கிடக்கிறது என்று தெரியாத வீட்டில்தான் நாலு கத்தரிக்கோல் இருந்தும் ஐந்தாவது வாங்குவோம். பீரோவின் பின்வரிசையில் பிரிக்காத போர்வை இருக்கும், முன்வரிசைக்குப் புதுப் போர்வை வரும்.

நெரிசலில் கணக்குப் பார்க்க மனசு வரவில்லை என்கிறீர்கள், அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், அவரவரே வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசியதைப் பதிவு செய்தார்கள். 'அடைசல்', 'முடியாத வேலை' என்ற மாதிரிப் பேச்சு அதிகம் வந்த பெண்களுக்கு, காலையிலிருந்து இரவுக்குள் நன்றாக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு சரியாக இறங்கவில்லை. உடம்பே சொல்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்?

பழையபெட்டி

தாழ்வாரம், உங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சரி.

'ஒரு வருடமாகத் தொடவில்லையா, தூக்கிப் போடு' என்பது கையில் காசு புரள்கிறவர்களுக்கான விதி. நாளைக்குத் தேவைப்பட்டால் நாளைக்கே வாங்கிக்கொள்ள முடிந்தவர் எதை வேண்டுமானாலும் கழிக்கலாம். கடன் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் இரண்டாவது இஸ்திரிப் பெட்டி ஒரு காப்பீடு. ஓடுகிற பெட்டி ஒரு நாள் சூடாகாமல் போனால் அதை எடுத்து ஓட்டிவிடலாம். அதை இன்று விற்றால் பழைய பொருளுக்கான விலைதான் கிடைக்கும். நாளை வாங்கும்போது புது விலை. அதுவும் எங்கிருந்து வரும்? அதே கார்டிலிருந்து, அதே 3% வட்டிக்கு.

வெள்ளைச்சுவர் சொன்ன ஆய்வு, அடைசலும் அழுத்தமும் சேர்ந்து இருப்பதைத்தான் காட்டியது. அடைசலால் அழுத்தமா, அழுத்தத்தில் இருக்கிறவர்களுக்கு வீட்டை ஒழுங்கு பண்ண முடியாமல் போகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கடன் தீர்ந்தால் கார்ட்டிசால் தானாக இறங்கும் என்று நானும் சொல்லிக்கொள்ளலாமே.

கணக்கன்

இரண்டு பேரும் எண்ணைத் தொடவே இல்லை. கார்டில் 10,000 நிலுவை, மாதம் 3% வட்டி, புதிதாக எதுவும் தேய்ப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சம் கட்டச் சொல்வது நிலுவையில் 5% என்றால் முதல் மாதம் 500. அதில் 300 வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது 200 மட்டும். அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறையும், கட்டச் சொல்லும் தொகையும் குறையும். ஆகா, சுமை இறங்குகிறது என்று நாமும் குறைத்தே கட்டுவோம். இப்படியே போனால் 31 மாதம் கழித்தும் சுமார் பாதிக் கடன் அப்படியே நிற்கும்.

அறிக்கையில் என்ன தொகை போட்டிருந்தாலும் சரி, முதல் மாதம் கட்டிய அந்த 500-ஐயே விடாமல் கட்டினால் அதே 31 மாதத்தில் முழுக் கடனும் தீர்ந்துவிடும். கூடுதல் வருமானம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இப்போது சாமான் விஷயம். வேண்டாததை விற்று 3,000 வந்தது, வந்த கையோடு கார்டில் கட்டிவிட்டீர்கள். மீதி 7,000-க்கு அதே 500. 19 மாதத்தில் முடிகிறது. 3,000-க்கு ஆறு மாதத் தவணைதானே மிச்சமாகும் என்று தோன்றும். மிச்சமாவது பன்னிரண்டு மாதம். இன்று கட்டுகிற 3,000, தன் மேல் ஏறவிருந்த வட்டியையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். மாதம் 3% என்பது கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42.6% என்பதை மறக்காதீர்கள். பரணில் சும்மா கிடக்கிற எந்தப் பொருளும் இந்த வேகத்தில் நமக்குச் சம்பாதித்துத் தராது.

அதனால் நான் விற்கிற கட்சி.

பழையபெட்டி

கணக்கு சரிதான், கணக்கன். அந்த 3,000 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-ல் வெளியிட்ட சோதனையில் ஒரு பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல அவர்கள் சுமார் இரண்டு மடங்கு கேட்டார்கள். கையில் வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கே அந்தக் கதை. பல வருடம் வீட்டில் இருந்த சாமானுக்கு நாம் மனதில் என்ன விலை வைத்திருப்போம்? 3,000 வரும் என்று நினைத்து இறங்குவோம், வாங்க வருகிறவர் 800-க்குக் கேட்பார். அந்த 800-க்காகப் படம் எடுத்து, விளம்பரம் போட்டு, 'கடைசி விலை என்ன' என்று கேட்டுவிட்டு மறுபடி பேசாமல் போகிறவர்களுக்குப் பதில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோ வருவார் என்று வீட்டில் காத்திருக்க வேண்டும்.

வந்த பணமும் கார்டுக்குப் போய்ச் சேராது. பர்சில் இருக்கும், வார முடிவில் இருக்காது. பொருளும் போய், கடனும் நிற்கும். இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

கணக்கன்

ரொக்கமாக வாங்காதீர்கள். கணக்குக்கு வரச் சொல்லி, வந்த நிமிடமே கார்டுக்குக் கட்டிவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள். விலையை நீங்கள் நிர்ணயிக்கவும் வேண்டாம், அதே மாதிரிப் பொருள் கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று பார்த்துப் போடுங்கள். 800 வந்தாலும் 800-தான். 500 கட்டுகிறவருக்கு அது ஒன்றரைத் தவணைக்கு மேல்.

இரவுப்பறவை

எனக்கு இரண்டு கட்சியிலும் சேர முடியவில்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள், இரவு வேலை. விற்கச் சொல்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் வெளியே போகிற சாமானைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே வருவதை நிறுத்தாமல் எதைக் கழித்து என்ன பயன்?

2013-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னால், கை காய்ந்திருக்கும் நேரத்தில் ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறையும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அதே மனிதர்கள்தான், பணமில்லாத நாட்களில் மதிப்பெண் குறைந்தது. பண நெருக்கடியில் இருக்கிறவரிடம், வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து 'வேண்டுமா வேண்டாமா' என்று முடிவெடுங்கள் என்றால் எப்படி? அந்த முடிவெடுக்கிற தெம்புதானே முதலில் தீர்ந்து போயிருக்கிறது.

அதனால் யோசிக்கவே தேவையில்லாததிலிருந்து தொடங்கலாம். கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை எல்லாக் கடைச் செயலிகளிலிருந்தும் அழியுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கார்டை எடுத்து எண்ணைத் தட்ட வேண்டும் என்றால் ராத்திரி பதினொரு மணி வாங்கல் பாதி நின்றுவிடும். தள்ளுபடி அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு பெட்டி. எங்கள் வீட்டில் சார்ஜர் ஒயர் பெட்டியை எடுத்துத் தரையில் கொட்டினேன். முறுக்கிக்கொண்டு ஒரே உருண்டையாக வந்தது. பிரித்துப் பார்த்தால் வீட்டில் இல்லாத கைப்பேசிகளுக்கான ஒயர்கள்தான் அதிகம். ஒவ்வொன்றையும் சொருகிப் பார்த்து, வேலை செய்வதற்கு மட்டும் காகிதம் ஒட்டி, இது எதனுடையது என்று எழுதி வைத்தேன். அதிலிருந்து விற்றுக் காசு எதுவும் வரவில்லை. ஆனால் ஒயர் வாங்குவது நின்றுவிட்டது.

வெள்ளைச்சுவர்

இரவுப்பறவை, வாசலை அடைக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அதோடு நின்றால் இருக்கிற குவியல் அப்படியே இருக்கும். பழையபெட்டி, உங்களிடம் நேராக ஒரு கேள்வி: காப்பீடு என்று நீங்கள் வைத்திருக்கிற அந்த மாற்று இஸ்திரிப் பெட்டி, மாற்று விசிறி, மாற்றுக் கைப்பேசி இவற்றைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள்?

பழையபெட்டி

நியாயமான கேள்வி. இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது, போன வாரம்கூடப் பார்த்தேன். சும்மா கிடக்கும் கைப்பேசியின் பேட்டரி உப்பியிருந்தால் வைத்திருப்பதே ஆபத்து, அதை நானும் கழிப்பேன், குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்து. ஓடாத மாற்று மாற்றே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஓடுகிற மாற்றை விற்கச் சொன்னால் மட்டும் என்னால் ஒப்ப முடியாது. அவசரத்துக்கு என்று ஒரு சின்னத் தொகையாவது ரொக்கமாக ஒதுக்கிய பிறகு அதை விற்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

வெள்ளைச்சுவர்

சரி, அந்த வரிசை எனக்கும் ஏற்புதான். இன்னொன்று, தாழ்வாரம்: விற்றுப் பணம் வந்தால் மூன்றில் சின்னக் கடனில் போட்டு அதை முடியுங்கள். ஒன்று ஒழிந்தது என்ற தெம்பு வரும்.

கணக்கன்

இல்லவே இல்லை, கார்டில் போடுங்கள். அதிக வட்டி முதலில். சின்னக் கணக்கை மூடுகிற ஆசையில் பெரிய வட்டியை ஓடவிடுகிறார்கள் என்றுதான் 2011-ல் ஒரு சந்தைப்படுத்தல் ஆய்விதழில் மோட்டி அமர், டேன் ஆரியெலி முதலான ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள்.

வெள்ளைச்சுவர்

அடுத்த வருடமே அதே இதழில் டேவிட் கேல், பிளேக்லி மெக்ஷேன் ஆய்வு வந்ததே, அதை விட்டுவிட்டீர்களே. நிஜமாகக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். கணக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தவர்கள்தான் கடைசிவரை போய் முழுக் கடனையும் ஒழித்தவர்களாக இருந்தார்கள். வட்டிக் கணக்கில் நீங்கள் ஜெயிக்கலாம், பாதியில் விட்டுவிட்டால் அந்தக் கணக்கால் என்ன ஆகப் போகிறது?

கணக்கன்

பாதியில் விடாத மாதிரி, தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை வங்கியில் செய்துவிட்டால் தெம்பு தேவைப்படாது. இதில் நான் மாறப் போவதில்லை.

காகிதக்கட்டு

இடையில் வருகிறேன், ஒரே விஷயம். வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது பழைய காகிதத்தில். தயவுசெய்து நிதானமாகச் செய்யுங்கள். கடன் ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், கடன் முடிந்ததும் தருகிற நிலுவையில்லாச் சான்று, இவற்றைத் தனி உறையில் போட்டுவையுங்கள். முடிந்த கடன்தானே என்று எறியக் கூடாது. கடன் தகவல் அறிக்கையில் அது இன்னும் நிலுவை என்று தவறாகக் காட்டினால் நம் பக்கம் பேசுவது அந்த ஒரு தாள்தான். என் கடன் ஒன்று அப்படித்தான் முடிந்த பிறகும் முடியாததாகவே காட்டியது, சான்றைக் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள். எறிகிற காகிதத்திலும் கணக்கு எண், கையெழுத்து இருந்தால் கிழித்துப் போடுங்கள். கைப்பேசி, கணினி விற்பதானால் உள்ளே இருப்பதை முழுக்க அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறிய பிறகு கொடுங்கள்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பேரும் படித்தோம். மாற்றுச் சாமான் எல்லாவற்றையும் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது, ஓடுவதை வைத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது. 'உங்கள் உடைமைகளிலிருந்து தொடங்குங்கள், என்னுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் என் மனைவி, அதுவும் சரிதான். டிரெட்மில்லில்தான் நிற்கிறோம். இன்னும் கட்ட வேண்டியதைவிடக் குறைவாகத்தான் விலை போகும். நஷ்டத்துக்கு விற்பதா என்கிறார் அவர். மாதாமாதம் அதன் விலை இன்னும் இறங்கும் என்கிறேன் நான்.

கணக்கன்

கட்டியது போனது போனதுதான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று விற்றால் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும், ஆறு மாதம் கழித்து விற்றால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள். கையிலிருந்து போடுவதற்குப் புதுக் கடன் வாங்க வேண்டியிருந்தால் மட்டும் பொறுங்கள்.

பழையபெட்டி

அதற்கும் முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். தவணைக் கொள்முதல் வகையாக இருந்தால் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடன் கொடுத்தவருக்கே சொந்தம், அவர் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது. சாதாரணக் கடனில் வாங்கியது என்றால் விற்கலாம். எதுவானாலும், இன்று முடித்தால் மொத்தம் எவ்வளவு, முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன தொகையை நம்பி வாங்க வருகிறவரிடம் விலை பேசிவிடாதீர்கள்.