ஞாயிறு சாயங்காலம் வேன் எங்க போகுது?

கார்த்தி: சுதா வளைகாப்பு முடிஞ்சதும் ஞாயிறு சாயங்காலம் வேன் சும்மாதான் நிக்கும். ஊர்லேர்ந்து சிங்கப்பூர் வர்றவங்க எங்க போகணும்? டிரைவர்கிட்ட இன்னைக்கே சொல்லணும்

ராஜி அத்தை: முஸ்தபா கடை 🙏

பிரபு: மெரினா பே சாண்ட்ஸ்

ராஜி அத்தை: மேல போய் ஊரைப் பாக்கவா?

பிரபு: கீழ, கேசினோவுக்கு. பிளாக்ஜாக் சீட்டாட்டம் 😁

மீனா அக்கா: ஆரம்பிச்சுட்டான்

கார்த்தி: உங்களுக்கு பாஸ்போர்ட் காட்டினா போதும், 21 வயசு ஆகியிருக்கணும். இங்க குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருக்கிற எங்களுக்கு உள்ள போகவே 150 வெள்ளி. நான் வெளியதான் நிப்பேன்

குமரன் சித்தப்பா: பிரபு, போறதுன்னா தெரிஞ்சுக்கிட்டு போ. சீட்டு மதிப்பைக் கூட்டி 21ஐத் தாண்டாம டீலரை, அதான் சீட்டு போடுற கேசினோ ஆளை, முந்தணும். ஏஸ் 1ன்னும் வெச்சுக்கலாம், 11ன்னும் வெச்சுக்கலாம். உன் கையை மட்டும் பாக்காத, டீலரோட திறந்த சீட்டைப் பாரு. அது 2லேர்ந்து 6க்குள்ளன்னா, ஏஸ் இல்லாம 13லேர்ந்து 16 வரை வெச்சிருந்தாலும் இன்னொரு சீட்டு எடுக்காம நில்லு. டீலர் 17 வர்ற வரைக்கும் எடுத்தே ஆகணும். 5, 6 காட்டினா பத்துல நாலு தடவை 21ஐத் தாண்டிடுவாரு. 7, இல்ல அதுக்கு மேல காட்டினா நீ 16லயும் எடுக்கணும்

பிரபு: 16ல எடுத்தா 21ஐத் தாண்டி பஸ்ட் ஆயிடுமே

குமரன் சித்தப்பா: ஆகும். நின்னாலும் பெரும்பாலும் தோக்கப்போற. எதுல கம்மியா போகும்னுதான் கணக்கு

அன்பு மாமா: தீபாவளி ராத்திரி மூணு சீட்டுல மோதிரத்தை வெச்சவர் சொல்றாரு, கேட்டுக்கோ

மீனா அக்கா: 😂😂

குமரன் சித்தப்பா: அது வேற ஆட்டம் மச்சான். இதுக்கு 1956லயே அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேர் மேசை கால்குலேட்டர்ல கணக்குப் போட்டு ஒரு புள்ளியியல் இதழ்ல எழுதிட்டாங்க

செல்வி சித்தி: அது எங்கப்பா போட்ட மோதிரம்

ராஜி அத்தை: பச்சை வளையல் எத்தனை டஜன் கொண்டு வரட்டும்?

குமரன் சித்தப்பா: ஏஸ் ரெண்டு வந்தா தனித்தனி கையா பிரி, 8 ரெண்டும் அப்படித்தான். பத்து ரெண்டுல கை வைக்காத, அது 20. 5 ரெண்டையும் பிரிக்காத. 11 வந்து டீலர் 2லேர்ந்து 9 காட்டினா பந்தயத்தை டபுள் பண்ணி ஒரே ஒரு சீட்டு எடு. டீலர் ஏஸ் காட்டிட்டு இன்ஷூரன்ஸ் வேணுமான்னு கேப்பாங்க, வேணாம்னுடு

அன்பு மாமா: எல்ஐசி ஏஜெண்ட் இன்ஷூரன்ஸ் வேணாம்ங்கறாரு. எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க

கார்த்தி: 🤣🤣

குமரன் சித்தப்பா: பேருதான் இன்ஷூரன்ஸ். டீலருக்கு ரெண்டாவது சீட்டு பத்தான்னு தனியா ஒரு பந்தயம், அவ்வளவுதான். பத்து மதிப்பு சீட்டு (10, J, Q, K) 13ல 4. ஒவ்வொரு வெள்ளியா 13 தடவை கட்டினா 4 தடவை ரெண்டு ரெண்டா 8 வரும், 9 போகும். இன்னொண்ணு, முதல் ரெண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்பும்னா அந்தக் கைக்கும் பிளாக்ஜாக்னுதான் பேரு. அதுக்கு 6க்கு 5னு மேசைல எழுதியிருந்தா உக்காராத. 10 வெள்ளிக்கு 15 வரவேண்டிய எடத்துல 12தான் வரும்

பிரபு: இப்படியே ஆடினா ஜெயிச்சிடலாமா?

குமரன் சித்தப்பா: இல்ல. நல்ல மேசைல தப்பில்லாம ஆடினாலும் 100 கட்டினா சராசரியா அரை வெள்ளி கேசினோக்காரனுக்குத்தான்

செல்வி சித்தி: அப்புறம் எதுக்கு இவ்ளோ பாடம்

மீனா அக்கா: சித்தி, இங்க வீட்டு ஆளுங்களே எழுதிக் குடுத்து ஒருத்தரை உள்ள விடாம தடுக்கலாம்

செல்வி சித்தி: அந்த பாரம் எங்க கிடைக்கும்?

குமரன் சித்தப்பா: செல்வி

கார்த்தி: வேன்???

ராஜி அத்தை: முஸ்தபா. வளையல் 6 டஜன் போதுமா?

பிரபு: அத்தையை முஸ்தபால இறக்கிட்டு நானும் சித்தப்பாவும் அப்படியே

செல்வி சித்தி: உங்க சித்தப்பா பாஸ்போர்ட் என் கைப்பையிலதான் இருக்கும். 8 டஜனா வாங்கிக்கோங்க ராஜி