ஷாவோலின் சோதனைக் காட்சிகள் உள்ள பழைய படங்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஷாவோலின் என்ற சீனக் குங்ஃபூ கோயிலில் பயிலும் சீடன் கடும் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும் என்ற கதையுள்ள, எழுபதுகளின் ஹாங்காங், தைவான் குங்ஃபூ படங்களைத் தேடுகிறேன்.

1978-இல் வந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ எனக்கு உயிர். நாயகன் கார்டன் லியு தண்ணீரில் மிதக்கும் கட்டைகளில் கால் வைத்துத் தாண்டினால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்கே போக முடியும்! கைகளில் கத்தி கட்டிக்கொண்டு தண்ணீர் சுமப்பார். அடி வாங்கி அடி வாங்கித்தான் முத்தண்டு (சங்கிலியால் இணைத்த மூன்று தடிகள்) ஆயுதத்தையே கண்டுபிடிப்பார். பயிற்சியையே கதையாக்கியதில் இதற்கு ஈடு இல்லை.

அப்புறம், 1976-இல் வந்த ‘18 பிரான்ஸ்மென்’, ஜாக்கி சானின் ‘ஷாவோலின் வுடன் மென்’ இரண்டும் பார்த்துவிட்டேன். இதே வகையில் வேறு என்னென்ன இருக்கின்றன? மாண்டரின் ஒலியுடன், சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும் என்றும் சொன்னால் பெரிய உதவி.