சான்-சிர்க்-லாபோப்பி – பெஷ் மேர்ல் நடை: இழுபாதை மூடல், மாற்று வழி வேண்டும்

தென்மேற்கு பிரான்ஸ், லோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. அக்டோபர் நடுவில் சான்-சிர்க்-லாபோப்பி கிராமத்திலிருந்து பூஸியேஸ் கிராமம் வழியாக, பழங்கால ஓவியங்கள் உள்ள பெஷ் மேர்ல் குகைக்கு ஒரே நாளில் நடக்கத் திட்டம். சிக்கல் முதல் 4 கி.மீ.யில்தான். ஜி.ஆர். 36 (ஜி.ஆர். என்பது பிரான்சின் குறியிட்ட நெடுந்தூர நடைபாதை) ஆற்றங்கரை இழுபாதையில் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் படகு இழுப்பதற்காகச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பாதை. தலைக்கு மேலே பாறை, பக்கத்திலேயே தண்ணீர். அந்தக் குடைவுப் பகுதி கல் சரிவால் மூடல் என்று அறிவிப்பு. எப்போது திறக்கும் என்று அதில் இல்லை.

குகைச் சீட்டு மதியம் 2 மணிக்கு. ஒரு நாளைக்கு 700 பேருக்குத்தான் அனுமதி, அதனால் நேரம் மாற்ற இடமில்லை. காலை 8 மணிக்குக் கிளம்புகிறோம். நான்கு பேர், ஒருவருக்கு முழங்கால் வலி. செங்குத்தான இறக்கம் ஆகாது.

பார்த்தவை: தூர்-த-ஃபோர் பாலம் தாண்டி டி 662 சாலையில் நடக்கலாம், ஆனால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, வண்டி வந்தால் ஒதுங்க ஓரமே கிடையாது. காஓர்–ஃபிஜாக் பேருந்து அதே சாலைதான், நேரம் ஒத்துவரவில்லை. இணையமில்லா வரைபடத்தில் தென்கரை மேட்டில், ஓக் காட்டுக்குள் சில தடங்கள் தெரிகின்றன. இரண்டு தடங்கள் தனியார் நிலத்தில் முடிகிற மாதிரி இருக்கிறது. வேட்டைக் காலம் வேறு, குறி இல்லாத காட்டுத் தடத்தில் நுழைய மனமில்லை. பூஸியேஸுக்குப் பிறகு ஜி.ஆர். 651, அதில் குழப்பமில்லை.

தென்கரை மேட்டு வழியாகச் சான்-சிர்க்கிலிருந்து பூஸியேஸுக்கு, வண்ணக்குறி போட்ட, முழங்கால் தாங்கும் பாதை எது?