கோரா இசையை நைலான் கிதாரில் வாசிக்கும்போது பாஸ் அறுந்துபோகிறது, என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை_நைலான்:
பாண்டி, கடலூர் பக்கம் கிளாசிக்கல் கிதார் வாசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் டெரெக் கிரிப்பர், மாலி நாட்டு துமானி டியாபதேயின் கோரா (மேற்கு ஆப்பிரிக்கத் தந்தி வாத்தியம்) இசையை ஒற்றைக் கிதாருக்கு மாற்றி 2012-இல் ஒரு ஆல்பம் போட்டார். அதைக் கேட்டதிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை. கேட்டுக் கேட்டு ‘ஜராபி’ என்ற உருப்படியை எழுதி எடுத்துவிட்டேன், சுரமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலே ஓட்டம் வந்ததும் கீழே பாஸ் (தாழ்ந்த சுர வரிசை) அறுந்து, ஏதோ கிரேடு பரீட்சைக்கு வாசிப்பது போல ஆகிவிடுகிறது.

முதுநகர்_தந்தி:
கோராவில் 21 கம்பி, இடது கைக்கு 11, வலது கைக்கு 10. மீட்டுவது இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் மட்டும்தான். ஒரு சுரத்துக்கு ஒரு கம்பி இருப்பதால் மீட்டியது தானாக ஓயும்வரை ஒலிக்கும், அடுத்த சுரம் அதன் மேலேயே வந்து விழும். கிதாரில் அதே கம்பியில் அடுத்த சுரத்தை எடுத்தால் முந்தையது செத்தது. அதனால் ஓட்டத்தை ஒரே கம்பியில் ஓட்டாதீர்கள், அடுத்தடுத்த சுரங்களை வேறு வேறு கம்பிக்குப் பிரித்துப் போடுங்கள், திறந்த கம்பி கிடைக்கும் இடத்திலெல்லாம் அதையே எடுங்கள். இது புதுசு இல்லை, ஸ்பெயின் கிதார் கலைஞர் காஸ்பர் சான்ஸ் 1674-லேயே காம்பனெல்லா என்று இதைத்தான் செய்தார். இடது கை கண்டபடி தாவும், பழகிவிடும். அப்புறம், பாஸ் சுரங்கள் திறந்த கம்பியில் விழும்படி ட்யூனிங்கையும் மாற்றுங்கள்.

வீணை_வீடு:
தம்பி சொல்வது சரிதான், ஆனால் எதை விடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டாமா? திரும்பத் திரும்ப வரும் அடித்தளம் கும்பெங்கோ, இடையில் பாயும் ஓட்டம் பிரிமின்டிங்கோ. ஓட்டம் வரும்போது அடித்தளத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் கோரா கலைஞர்களே செய்வதுதான். துமானியின் 1988 ‘கைரா’ ஆல்பத்தில் ஒற்றை ஆளாக எல்லாமே சேர்ந்து கேட்பதால்தான் அது அப்படி ஒரு ஆச்சரியம். கிதாரில் தாளம் விழும் இடத்துப் பாஸை மட்டும் காப்பாற்றுங்கள், மிச்சத்தைக் கேட்பவர் காதே நிரப்பிக்கொள்ளும். இன்னொன்று, சௌட்டா என்ற சுருதி அமைப்பில் பிரதி மத்யமம் (உயர்ந்த ‘ம’) வரும். அதைக் கேட்டு ஆகா கல்யாணி ராகம் என்று கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) போட ஆரம்பித்தால் போச்சு, நம்மூரில் இது நிச்சயம் நடக்கும்.

லாஸ்பேட்டை_நைலான்:
நன்றி அண்ணா, நன்றி அம்மா. முதல் நான்கு பார் (தாளக் கட்டம்) மட்டும் பிரித்துப் பார்த்தேன், ஒலிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. கோராவுக்கு இப்போது மீன்பிடி நைலான்தான் கட்டுகிறார்கள் என்கிறார்களே, துறைமுகம் பக்கம் தங்கூஸ் வாங்கி கிதாருக்கே போட்டால் என்ன?

முதுநகர்_தந்தி:
மேல் மூன்று கம்பிக்குப் போடலாம், தடிமன் அளந்து வாங்குங்கள். ஃபுளோரோகார்பன் தங்கூஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, கார்பன் செட் என்று கடையில் விற்பதும் அதே பொருள்தான். கீழ் மூன்றும் உலோகம் சுற்றியவை, அதற்குத் தங்கூஸ் ஆகாது.