டிவி தொடரை வானொலி நாடகமாக மாற்றினால் எடுபடுமா?

செவிச்செல்வன்:
டிவி தொடரில் பாதிக் கதை முகங்களில்தான் நடக்கிறது. கணவன் ஒரு கடிதத்தைக் கிழிக்கிறான், மனைவி வாசலில் நின்று பார்க்கிறாள். வசனமே கிடையாது. வானொலியில் என்ன செய்வார்கள்? "ஐயோ, கடிதத்தைக் கிழிக்கிறீர்களே!" என்று அவளைக் கத்த வைப்பார்கள். காட்சி காலி.

ஒலிப்பித்தன்:
அது சோம்பேறி எழுத்து. மைக்கை மனைவியிடம் வையுங்கள். அவள் மூச்சு கிட்டத்தில், காகிதம் கிழியும் ஓசை தள்ளி. அப்புறம் அவன் குரல்: "நீ எப்போ வந்தே?" அவ்வளவுதான்.

செவிச்செல்வன்:
சரி, கிழிவது காகிதம். அது *அந்தக்* கடிதம் என்று யார் சொல்வது?

ஒலிப்பித்தன்:
அதற்கு முந்தைய காட்சியிலேயே அவன் அதைப் பிரித்துப் படித்திருக்க வேண்டும். காட்சிகளைப் புதிதாக அடுக்கச் சொல்வது இதனால்தான். டிவி வசனத்தை எடுத்து மைக் முன் ஒப்பித்தால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும்.

பழையரேடியோ:
நடுவில் வருகிறேன். பிபிசியின் டிவி நகைச்சுவைத் தொடர் 'டாட்ஸ் ஆர்மி' 1974இல் வானொலிக்கு வந்தது. பெரும்பாலும் அதே நடிகர்கள். ஜான் ஸ்னாக் என்ற அறிவிப்பாளர் முன்னுரையாக நாலு வரி சொல்லிவிடுவார், பிறகு நாடகம் ஓடும். ஓடியதே!

செவிச்செல்வன்:
ஓடாமல் என்ன? ஆறு வருடமாக டிவியில் பார்த்த முகங்கள். குரல் கேட்டதும் முகம் வந்துவிடும். தொடரையே பார்க்காதவருக்கு?

பழையரேடியோ:
அப்படியானால் 'ஹேவ் கன், வில் டிராவல்'? அமெரிக்காவில் 1957இல் டிவி, 1958இல் வானொலி. டிவி நாயகன் ரிச்சர்ட் பூன். வானொலியில் அதே பாத்திரத்துக்கு ஜான் டேனர். முகமும் இல்லை, பழகிய குரலும் இல்லை. 1960 வரை போனது.

செவிச்செல்வன்:
அது ஒற்றை நாயகன் கதை, வாரம் ஒரு சாகசம். நான் கேட்பது குடும்பத் தொடர். கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், மூன்று பேர் பேசுகிறார்கள். மீதி ஐந்து பேர்? வாய் திறக்காதவர் வானொலியில் இல்லாதவர். எல்லோருக்கும் ஆளுக்கொரு இருமல் கொடுக்க முடியுமா?

ஒலிப்பித்தன்:
இது நியாயமான கேள்வி. ஆளைக் குறைக்க வேண்டியதுதான். மூன்று மருமகள்களுக்கும் ஒரே வயதுக் குரல் என்றால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. இரண்டு பேரை ஒன்றாக்கிவிடலாம்.

செவிச்செல்வன்:
மருமகளைக் குறைத்துவிட்டால் சண்டை எங்கே? அந்தத் தொடரே அதுதானே!

ஒலிப்பித்தன்:
சண்டையில் எந்நேரமும் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மூன்றாமவர் டிவியில் முறைத்துக்கொண்டு நிற்பார். அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டுக்கேட்க வையுங்கள், வானொலிக்கு அது இன்னும் வசதி.